புளூகிராஸ்: மாண்டலின் கேட்ட காதுக்கு ஓர் அறிமுகம்

"புளூகிராஸ்னா என்னங்கய்யா, எதிலிருந்து கேக்க ஆரம்பிக்கணும்?" என்று சங்கத்து இளைஞர் ஒருவர் கேட்டார். மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு நிறுக்கிற எனக்குத் தெரிந்த பதில் இது.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) வாசித்துக் கேட்ட காது நம்முடையது. அங்கிருந்தே தொடங்கலாம். புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவும் (1911–1996) மாண்டலின்காரரே. தம் சொந்த மாநிலமான கென்டக்கியின் புல்லின் பெயரைக் குழுவுக்கு வைத்தார். அதுவே இந்த இசைக்கும் பெயராயிற்று. ஸ்ரீநிவாஸ் கமகத்துக்காக ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினை எடுத்தார். மன்றோவுக்கோ இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள். ஆகவே அங்கே கமகத்தைத் தேடாதீர்கள், ஏமாந்து போவீர்கள். தாளத்தைக் கேளுங்கள். மாண்டலின், பிடில், பாஞ்சோ, கிதார், பெரிய பாஸ். மேளம் வைப்பது மரபில்லை. மாண்டலின்காரர் தந்தியை வெட்டி வெட்டித் தட்டுவதே மிருதங்கத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. நடுவில் ஒவ்வொருவராக முன்வந்து வாசித்துவிட்டு ஒதுங்குவார்கள். நம் கச்சேரியில் கற்பனை ஸ்வரம் பாடகருக்கும் வயலினுக்கும் கைமாறுவது போல.

இது பழங்கால மலைப்பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்கிரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவுடன் மன்றோவிடம் சேர்ந்த பிறகே இன்றைய உருவம் வந்தது. அந்தப் பாஞ்சோவும் ஆப்பிரிக்க அடிமைகள் வழி வந்த வாத்தியம். வானொலியும் இசைத்தட்டும் இதைப் பரப்பின. மலையை விட்டு ஓஹையோ, டெட்ராய்ட் தொழிற்சாலைகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் உயிராய்க் கேட்டார்கள். விட்டுவந்த வீடும் தாயும்தான் பல பாட்டுகளின் பொருள். ஊர் விட்டவன் 'பழசு' என்று கட்டிக்கொள்வதில் பாதி, விட்ட பிறகு அவனே உண்டாக்கியது. நம் பொங்கல் விழாவையும் இப்படிப் பார்க்கலாம். அதனால் அது பொய்யாகிவிடாது.

குறை? சில குழுக்களில் வேகம் வெறும் வித்தையாகிவிடுகிறது. அதனால் நிதானத்தில் தொடங்குங்கள்: மன்றோ 1946-ல் பதிவு செய்த 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி'. அடுத்து ஃபிளாட்டும் ஸ்கிரக்ஸும் 1949-ல் பதிந்த 'ஃபாகி மவுன்டன் பிரேக்டவுன்'. கடைசியில் 'ஆஸ் வி ஸ்பீக்' (2023): பேலா ஃபிளெக்கின் பாஞ்சோ, எட்கர் மேயரின் பாஸ், ஜாகிர் உசேனின் தபலா, ராகேஷ் சௌராசியாவின் புல்லாங்குழல். 2024-ல் கிராமி பெற்ற தொகுப்பு. அது சுத்தமான புளூகிராஸ் இல்லை. பாஞ்சோ நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்த கதை.

முதல் தடவை சத்தமாத்தான் இருக்கும். மூணாம் தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க.