மேற்கோளின் எண்ணும் எடையும்

ஓர் ஆய்வாளரின் நூல்களைப் பிறர் எத்துணை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்று எண்ணி, அவ்வெண்ணையே அவர்தம் தகுதிக்கு அளவாகக் கொள்ளும் வழக்கம் இன்று பரவியுள்ளது. இயற்பியலறிஞர் ஹிர்ஷ் 2005இல் வகுத்த எச்-குறியீடு இவ்வழக்கிற்குத் தக்க சான்றாகும். இயற்பியலாரை நோக்கி எழுந்த இவ்வளவை வரலாற்றாய்வுக்கும் பொருத்துவார் உளர். அது பொருந்துமா என்பதனை, அறிஞர் எ. சுப்பராயலு அவர்களின் சோழர்கால ஆய்வுகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1973இல் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை வெளியிட்ட அவர்தம் ஆங்கில நூல், சோழநாட்டின் அரசியற் புவியியலை ஆராய்வது. கல்வெட்டுக்களில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்தி, எந்நாட்டில் எவ்வூர்கள் அடங்கின என்பதனை அந்நூல் நிலப்படமாக வரைந்து காட்டிற்று. நாடு என்பது வேளாண் ஊர்களின் தொகுதி என்னும் உண்மை இதனாற் தெளிவுற்றது.

1980இல் வெளிவந்த தம் பெருநூலில் பர்ட்டன் ஸ்டைன் இவ்வாய்வை அடிப்படையாகக் கொண்டார். ஆயின், அதன்மேல் அவர் எழுப்பிய கட்டடம் வேறு. ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றிச் சவுத்தால் கூறிய கொள்கையைத் தழுவி, நாடுகள் தன்னாட்சியுடைய கூறுகள் என்றும், காவிரிப் படுகை போன்ற நடுவிடத்திற்கு அப்பால் சோழவேந்தனின் தலைமை பெரும்பாலும் சடங்களவினது என்றும் அவர் முடிவு செய்தார். இம்முடிபு சுப்பராயலுக்கு உடன்பாடன்று. 1982இல் சோழ அரசு பற்றி எழுதிய கட்டுரையிலும் பின்னரும், அதிகாரிகளின் பெயர்கள், வரித்துறைச் செய்திகள், வளநாட்டுப் பிரிவுகள் முதலியவற்றைக் கொண்டு, அரசின் கை நாடுகளுள்ளும் சென்றமையை அவர் நிறுவினார். நொபொரு கராஷிமா, இரா. செம்பகலட்சுமி முதலியோரும் ஸ்டைனை மறுத்தெழுதினர்.

மேற்கோட் கணக்கு இவ்விடத்து என் செய்யும்? ஸ்டைன் சுப்பராயலுவைச் சுட்டியது ஒன்று; சுப்பராயலு ஸ்டைனை மறுத்தற்குச் சுட்டியது மற்றொன்று. தரவைக் கொண்டு முடிவை மாற்றியதும், முடிவையே வீழ்த்த முயன்றதும் கணக்கேட்டில் ஒரு நிறையாகவே நிற்கும். மறுப்பார் பெருகப் பெருக மறுக்கப்பட்ட நூலின் எண்ணும் பெருகும். இதனால் ஸ்டைனின் நூல் பயனற்றதென்பது எம் கருத்தன்று. அது வினவிய வினாவே பிறரை மீண்டும் கல்வெட்டுக்களிடம் செலுத்திற்று. அப்பயனையும் எண் காட்டவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்வேறுபாட்டைத் தமிழர் முன்னரே உணர்ந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தியார் நன்னூலில் எழுவகை மதம் கூறுகின்றார். பிறர் கருத்துக்கு உடன்படல், மறுத்தல், முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதல், பிறர் நூற்குற்றம் காட்டல் என்பன அவற்றுட் சில. பிறர் நூலொடு நூலாசிரியன் கொள்ளும் உறவு ஒருதன்மைத்தன்று என்பது இதனாற் பெறப்படும். இன்றைய கணக்கோ இவற்றையெல்லாம் ஒன்றாக்கி எண்ணுகின்றது.

எண்ணுக்கே அகப்படாத பயனும் ஒன்றுண்டு. கராஷிமா, சுப்பராயலு, மாட்சுயி மூவரும் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. சுப்பராயலுவைப் பதிப்பாசிரியராகக் கொண்ட தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி 2002, 2003ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்தது. சேலையூரில் தங்கிப் பயிலும் மாணவர் ஒருவர் அண்மையிலுள்ள திரிசூலத்துக் கோயிற் கல்வெட்டுக்களைப் படிக்கப் புகுகின்றார் எனக் கொள்வோம். பொருள் விளங்காத வரிப்பெயர் ஒன்று எதிர்ப்படின் அவர் அகராதியைப் புரட்டுவார். பொருள் தெளிந்து மேற்செல்வார். தம் ஆய்வேட்டிற் கல்வெட்டைச் சுட்டுவாரேயன்றி அகராதியைச் சுட்டுதல் அரிது. மேலும், 1973ஆம் ஆண்டு நூல் சோழநாட்டைப் பற்றியது. இப்பகுதியோ கோட்டம் என்னும் பிரிவுடைய தொண்டைமண்டலம். எனினும் ஊர்களைப் படத்திற் பொருத்தி நாட்டைக் காணும் நெறியை அம்மாணவர் அந்நூலினின்றே கற்றிருத்தல் கூடும். நெறியைக் கற்றமைக்கு அடிக்குறிப்பு ஏது?

தமிழில் எழுதும் ஆய்வாளர்க்கு இக்கணக்கு மேலும் இடர் தருவது. உலகளாவிய மேற்கோட் பட்டியல்களிற் தமிழ் இதழ்கள் இடம்பெறுதல் மிகக் குறைவு. எண்ணே தகுதி எனக் கொள்ளின், அகராதியும் அடைவும் தொகுக்கும் நெடும்பணிக்கு இளையோர் முன்வாரார். விரைவில் வாதம் எழுப்பும் கட்டுரைகளையே நாடுவர். அடித்தளம் இடுவாரின்றி மாடம் எழுப்புவார் மட்டும் மிகுவரேல், துறை எதன்மேல் நிற்கும்?

ஆதலின், ஒரு வரலாற்றறிஞரை மதிப்பிடப் புகுவார், எத்துணை பேர் சுட்டினர் என்பதோடு அமையாது, சுட்டினோர் எம்மதம் பற்றிச் சுட்டினர் என்பதனையும், அவர் பணியை நீக்கின் பின்வந்த ஆய்வுகளுள் எவை நிலைபெறா என்பதனையும் வினவுதல் வேண்டும். எண்ணுதல் எளிது, எடையிடுதற்கு நூலைப் படித்தல் வேண்டும். அதுவே திறனாய்வாரின் கடன் என்பது எம் துணிபு.