வகைபிரித்துச் சுருக்கும் கலை

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நிறுவிய ராஜபாளையம் மில்ஸ் போன்ற நூற்பாலைகளால் பெயர்பெற்ற ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில், ஒரு பவுண்டு எடையில் அடங்கும் 840 கெஜச் சிட்டங்களின் எண்ணிக்கையே நூலின் 'கவுண்ட்' எனப்படுவதும், 120 கெஜ 'லீ' ஒன்றை இழுத்து அதன் வலிமை அளக்கப்படுவதும் தொழிலறிந்தோர்க்குப் பழகிய செய்திகள். 40, 60, 80 கவுண்ட் நூல்களின் அளவீடுகள் ஒரே அட்டவணையில் கலந்திருக்கையில், அனைத்துக்கும் பொதுவாக எடுக்கப்படும் சராசரி எந்த நூலின் இயல்பையும் உணர்த்தாது.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய புள்ளியியல் மொழியாகிய 'ஆர்', இச்சிக்கலை அழகுறத் தீர்க்கிறது. அதன் 'டிப்ளையர்' தொகுப்பிலுள்ள 'குரூப்_பை' என்னும் கட்டளை, தரவின் ஒரு வரிசையையும் மாற்றாமல் எவை எக்குழுவைச் சேர்ந்தவை என்று மட்டும் குறித்துவைக்க, அடுத்து வரும் 'சம்மரைஸ்' ஒவ்வொரு குழுவையும் சராசரி, திட்டவிலக்கம், எண்ணிக்கை ஆகியவை கொண்ட ஒற்றை வரிசையாகச் சுருக்குகிறது. கவுண்டோடு எந்திர எண்ணையும் சேர்த்துக் குழுவாக்கி, திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் மாறுபாட்டுக் கெழு, எந்த எந்திரத்தின் நூல் சீரற்றது என்பதைக் காட்டிவிடும். விடுபட்ட மதிப்பு ஒன்றேனும் இருப்பின், அதை நீக்குமாறு வெளிப்படையாகக் கூறாதவரை, சராசரியும் விடுபட்டதாகவே வருவது தொடக்கநிலையினரைத் திகைக்கவைப்பினும், குறையை மறைக்க மறுக்கும் அந்நேர்மையே இம்மொழியின் தலைசிறந்த பண்பு.