எலுமிச்சைக்கு இரண்டு வேலை

மார்ச் பிறந்துவிட்டால் கோவாவின் சிறு மதுக்கடைகளில் ஒரே விசாரணைதான்: இந்த வருஷத்து உர்ராக் வந்துவிட்டதா? கொழும்பில் அப்படி யாரும் கேட்பதில்லை. அங்கே அரக்குக்குப் பருவம் கிடையாது. பௌர்ணமிப் போயா நாளில் விற்பனை இல்லை, அவ்வளவுதான். உர்ராக், அரக்கு இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகள். அரபியில் 'அரக்' என்றால் வியர்வை. வடிகலத்தின் மூக்கில் துளித்துளியாகச் சொட்டுவதைப் பார்த்து வைத்த பெயர். வீட்டில் கலக்கும்போது இரண்டுக்கும் துணை எலுமிச்சைதான். இலங்கைத் தமிழர் அதைத் தேசிக்காய் என்பார்கள். பெயரும் துணையும் ஒன்றாக இருந்தும் இரண்டு கிளாஸிலும் அந்தப் புளிப்பு செய்யும் வேலை வேறு.

காரணம் மூலப்பொருளில் இருக்கிறது. இலங்கை அரக்கு தென்னங்கள்ளில் வடிப்பது. வாதுவை, களுத்துறைப் பக்கத்துத் தோப்புகளில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, கீழே இறங்காமலே நடந்துபோய்க் கள் இறக்குவார்கள். பாளையிலிருந்து சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும் என்பதால் கள்ளை வடிசாலைக்கு அனுப்புவதில் தாமதம் கூடாது. வடித்ததை ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் வைத்திருந்து பக்குவப்படுத்துகிறார்கள். முரடு குறைந்து, பொன்னிறம் ஏறி, மரத்தின் மெல்லிய இனிப்பு வாசனை வருகிறது. எல்லாப் போத்தலும் இப்படி இருக்காது. விலை குறைந்த பலவற்றில் வேறு எரிசாராயம் கலந்திருக்கும். தனித் தென்னஞ்சாராயமா என்று லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும்.

கோவாவிலும் தென்னங்கள்ளில் ஃபெனி வடிக்கிறார்கள். உறவுமுறை பார்த்தால் அதுதான் இலங்கை அரக்கின் உடன்பிறப்பு. ஆனால் கோடையில் அங்கே மவுசு முந்திரிப்பழத்துக்கு. போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் அது. தானாகப் பழுத்து விழுந்த பழங்களைப் பொறுக்கி, கொட்டையை நீக்கி, மிதித்துப் பிழிகிறார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்க்காமலே சாறு சில நாளில் புளித்துவிடும். ஒருமுறை வடித்தால் உர்ராக். அதைப் புளித்த சாறோடு சேர்த்து மறுபடி வடித்தால் ஃபெனி. முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உர்ராக்கில் ஆல்கஹால் ஏறத்தாழ 15 சதவீதம், ஃபெனியில் 40க்கு மேல். உர்ராக்கைப் பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்தும் வழக்கம் இல்லை. அந்தப் பருவத்திலேயே குடித்துத் தீர்ப்பது. பழுத்த முந்திரிப்பழத்தின் குத்தும் வாசனை அதில் அப்படியே நிற்கும்.

இனிக் கலவை. இலங்கை முறைக்கு உயரமான கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு, 50 மில்லி அரக்கு ஊற்றி, அரைத் தேசிக்காயைப் பிழிந்து, 150 மில்லி ஜிஞ்சர் பியரை ஓரமாக விட வேண்டும். பெயரில் பியர் இருந்தாலும் இலங்கைக் கடைகளில் கிடைக்கும் இந்த ஜிஞ்சர் பியரில் மது இல்லை. இஞ்சிக் காரம் ஏறிய இனிப்புச் சோடா அது. அரக்கில் ஒரு மென்மை, சோடாவில் சர்க்கரை. இரண்டும் சேர்ந்தால் பாதிக் கிளாஸிலேயே திகட்டிவிடும். தேசிக்காய் அந்தத் திகட்டலை வெட்டுகிறது. அங்கே அதற்கு எதிர்க்கட்சி வேலை.

கோவா முறைக்கு 60 மில்லி உர்ராக், அரை எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, நெடுக்காகக் கீறிய பச்சைமிளகாய் ஒன்று, ஐஸ், மேலே லிம்கா. உர்ராக் கிடைக்காமல் ஃபெனி ஊற்றினால் 30 மில்லி போதும். லிம்காவிலேயே எலுமிச்சை மணம் இருக்கும்போது பழம் எதற்கு? மாங்காய்க் கீற்றுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்கிறோமே, அதற்கு என்ன காரணமோ அதுவேதான். கோவாக்காரர் உர்ராக்கைச் சாராயமாக நினைத்துக் கலப்பதில்லை, பழமாக நினைத்துக் கலக்கிறார். உப்பு, காரம், புளிப்பு மூன்றும் கூடி முந்திரியின் வாசனையை அடக்காமல் தூக்கிவிடுகின்றன. இங்கே எலுமிச்சைக்குக் கூட்டணி வேலை.

'பஞ்ச்' என்ற ஆங்கிலப் பானத்தின் பெயர் ஐந்தைக் குறிக்கும் நம் பக்கத்து 'பஞ்ச' என்ற சொல்லிலிருந்து போனது என்று பொதுவாகச் சொல்வார்கள். சாராயம், புளிப்பு, இனிப்பு, நீர், மசாலா என்று ஐந்து கணக்கு. இரண்டு கிளாஸிலும் எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். ஐந்தாவது இடத்தில்தான் இலங்கை இஞ்சியை வைத்தது, கோவா பச்சைமிளகாயை வைத்தது. இஞ்சியின் காரம் தொண்டையில் இறங்கும். மிளகாயின் காரம் உதட்டில் நிற்கும். அதனால் இலங்கைக் கிளாஸ் மாலையில் மெதுவாகக் குடிக்க ஏற்றது. கோவாக் கிளாஸ் உப்போடு வெயிலுக்கு இதம்.

இரண்டுக்கும் பொதுவான கைப்பக்குவம் சில. பழத்தை நறுக்குமுன் உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் சாறு நன்றாக இறங்கும். தோல் நசுங்கும்வரை பிழிந்தால் கசக்கும். சோடாவை விட்டபிறகு கலக்கக் கூடாது, நுரை போய்விடும். மிளகாயைக் கீறலாம், நறுக்கக் கூடாது. விதை கலந்தால் குடிக்க முடியாது.

எது மேல் என்று கேட்டால், இரண்டிலும் சாராயத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். தேசிக்காய் விட்ட ஜிஞ்சர் பியர் நல்ல பானம்தான், ஆனால் மரவாசனை போனதும் ஏதோ குறைகிறது. கோவாக் கிளாஸ் அசையவில்லை. உப்பும் மிளகாயும் போட்ட எலுமிச்சைச் சோடாவாக நின்றுவிடுகிறது. நம்மூர்ப் பெட்டிக்கடையில் உப்புப் போட்டுத் தரும் லெமன் சோடாவுக்கு அது நெருங்கிய உறவு. ஆகவே மது தொடாத விருந்தாளிக்குக் கோவா முறையே என் தேர்வு. தொடுகிறவருக்கு ஒரு வார்த்தை: எலுமிச்சை ஏறிய கிளாஸில் சாராயத்தின் கடுமை தெரியாது. கண்ணளவில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். முதல் கிளாஸுக்கு முன்பே வண்டிச் சாவியை வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.