கசிவைக் கணக்கிடும் கருவியும் காற்புள்ளி இடும் கருவியும்

சி மொழியில் நினைவகத்தைப் பெற்றுத்தரும் மால்லாக், எந்த வரி அதைக் கேட்டது என்பதைக் குறித்துவைப்பதில்லை. இக்குறையைப் போக்க நிரலர்கள் மேக்ரோ ஒன்றின் வழியே அந்த அழைப்பைத் தங்கள் செயற்கூற்றுக்குத் திருப்பி, கோப்பின் பெயர், வரி எண், அளவு ஆகியவற்றை ஒவ்வொரு துண்டின் முன்னும் தலைப்பகுதியாக எழுதிவைக்கின்றனர்; திருப்பித் தரப்படாத துண்டுகளின் பட்டியல், அதாவது கசிவுக் கணக்கு, இறுதியில் கிடைத்துவிடுகிறது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் போன்ற கருவிகள் நிரலைப் பல மடங்கு மெதுவாக்குவதாலும், சிறு உட்பொதிக் கணினிகளில் அவை பெரும்பாலும் இயங்காததாலும், சில பத்து வரிகளில் முடியும் இம்முறைக்கு இன்றும் இடமுண்டு.

ஆயினும் அந்தத் தலைப்பகுதியே இடரின் ஊற்றாகிறது. 64 பிட் லினக்ஸில் மால்லாக் தரும் முகவரி 16ஆல் வகுபடும். அதன் முன் 24 பைட் தலைப்பகுதி புகுந்தால் நிரலுக்குக் கிட்டும் முகவரி 8ஆல் மட்டுமே வகுபடும். அப்போது 16ஆல் வகுபடும் சீரமைவை எதிர்பார்க்கும் கட்டளைகள் முறிந்துவிழும். துண்டின் ஓரத்தில் வைக்கும் காவல் பைட்டுகளோ எல்லை மீறிய எழுத்தை மட்டுமே, அதுவும் துண்டை விடுவிக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். எல்லை மீறிய வாசிப்பு அவற்றின் கண்ணில் படுவதேயில்லை.

கசிவுக் கணக்கின் பைட் எண்களுக்குக் காற்புள்ளி இடும் சிறு செயற்கூறு பெரும்பாலும் இதே கோப்பில் குடியிருக்கும். எளிமை கருதி அது நிலையான ஒரே பஃபரில், அதாவது நிரல் முடியும்வரை அழியாத எழுத்து வரிசையில், விடையை எழுதி அதன் முகவரியைத் தருகிறது. பெற்ற அளவையும் திருப்பிய அளவையும் ஒரே பிரின்ட்எஃப் அழைப்பில் அச்சிட்டால் இரண்டும் ஒரே எண்ணாக வெளிவரும். கசிவே இல்லை என்று கணக்கு பொய் சொல்லும். நினைவகப் பிழையைப் பிடிக்க வந்த கருவிக்குள்ளேயே நினைவகப் பிழை! பஃபரின் நீளத்திலும் இதே அசட்டை தெரிகிறது. 64 பிட் குறியுள்ள எண்ணின் மிகச் சிறிய மதிப்புக்கு 19 இலக்கம், 6 காற்புள்ளி, கழித்தல் குறி, முடிவுக் குறி எனச் சரியாக 27 பைட் வேண்டும். லட்சம், கோடி முறையில் பிரித்தால் காற்புள்ளிகள் 8 ஆகி, 27 பைட்டும் போதாமற்போகும்.

அழைப்பவரே பஃபரைத் தரவேண்டும் என்பது நேரான தீர்வு. ஆனால் ஒரு வரியில் முடிந்த அச்சு மூன்று வரியாகும் என்பதால் பலர் அதை விரும்புவதில்லை. மாறாக, நான்கு பஃபர்களைச் சுழற்சியில் பயன்படுத்துவோர் உண்டு. ஒரே அழைப்பில் ஐந்தாவது எண் வரும்வரை அவர்களுக்குப் பிழை புலப்படுவதில்லை.