பிரஷர் பட்டையும் கைபேசியும்

சுந்தரபாண்டியபுரம் என்றதும் சூரியகாந்திக் காடும் ‘ரோஜா’ படமும்தான் பேச்சில் வரும். அந்தத் தெருக்களில் ரசிக்க இன்னொன்றும் உண்டு: மகளிர் சுகாதாரத் தன்னார்வலரின் பை. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பை அது. உள்ளே பிரஷர் மெஷின், சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரைகள், கையில் கைபேசி. மெஷினின் பட்டையை முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே, சட்டைத்துணி சிக்காமல் சுற்ற வேண்டும். வயலிலிருந்து வந்தவரை ஐந்து நிமிஷம் திண்ணையில் உட்காரவைத்து, பேச்சை நிறுத்தச் சொல்லித்தான் பொத்தானை அமுக்க வேண்டும். அவசரப்பட்டால் எண் ஏறிக் காட்டும். எண்ணைப் பதியும் கைபேசிச் செயலி அந்தத் தப்பையும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளும், அதற்கென்ன தெரியும்! துல்லியம் பிறப்பது அந்த ஐந்து நிமிஷத்தில்.

அப்படியானால் கையால் எழுதும் நோட்டே போதாதா, செயலியில் ஏற்றுவது இரட்டை வேலைதானே என்பார்கள். சள்ளைதான், மறுக்கவில்லை. ஆனால் பிரஷர் ஓசைப்படாமல் ஏறுகிற நோய். மாத்திரையை யார் விட்டார் என்பது அந்த நோட்டுக்குள்ளேயே கிடந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்படித் தெரியும்? 2023-இல் கென்யா சுமார் 1 லட்சம் சமுதாயச் சுகாதாரப் பணியாளர்களிடம் பையும் கைபேசியும் கொடுத்ததும் இதே கணக்கில்தான். அங்கும் வாசல்வரை நடப்பது மனுஷக் கால்தான். இங்கே அந்த நடைக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை. அதை இன்னும் யாரும் சம்பளம் என்று சொல்வதில்லை.