வெட்டுப்புள்ளியும் கட்-ஆஃபும்

யாழ்ப்பாணத்தில் வெட்டுப்புள்ளி, சென்னையில் கட்-ஆஃப். பள்ளிப் படிப்பு முழுவதும் கடைசியில் ஓர் எண்ணில் வந்து நிற்பது இரண்டு கரையிலும் ஒன்றுதான். அந்த எண்ணைக் கணக்கிடும் விதத்தில்தான் பாதை பிரிகிறது.

சென்னைக் கணக்கு எளிது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஆக 200க்கு எவ்வளவு என்பதுதான் பொறியியல் கட்-ஆஃப். மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் பையனின் அப்பா டீக்கடையில் நின்றபடியே போட்டுவிடுவார். இலங்கையின் இசட் புள்ளியை அப்படிப் போட முடியாது. மாணவர் ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழிக்க வேண்டும். அதை நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் இப்படிச் செய்து, மூன்றின் சராசரியை நான்கு தசமதானம் வரை எடுக்க வேண்டும். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இதன்படிதான் நடக்கிறது. பௌதிகவியலில் 60 எடுப்பதும் இன்னொரு பாடத்தில் 60 எடுப்பதும் ஒரே உழைப்பல்ல என்பது இந்த முறைக்குப் பின்னால் உள்ள நியாயம். நல்ல நியாயம்தான்.

ஆனால் இசட் புள்ளி ஒரு பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொல்வதில்லை. மற்றவர்களைவிட எவ்வளவு முன்னே நிற்கிறது என்று மட்டுமே சொல்கிறது. இதை நாடே பார்க்க நேர்ந்தது 2011 உயர்தரப் பரீட்சையில், அதாவது அங்குள்ள பிளஸ் டூவில். பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் புதியதில் எழுதியவர்களும் அந்த முறை ஒன்றாகத் தோற்றினார்கள். இரு கூட்டத்தையும் ஒரே சராசரியில் போட்டு இசட் புள்ளி வழங்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2012இல் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளை ரத்து செய்ய, இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டார்கள். எந்தப் பிள்ளையின் விடைத்தாளிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. யாரோடு சேர்த்து நிறுத்தினார்கள் என்பதுதான் மாறியது. அதற்கே எத்தனையோ பேரின் மருத்துவமும் பொறியியலும் இடம் மாறிப்போயின.

இவ்வளவு நுட்பமான தராசு அங்கே ஏன் தேவைப்பட்டது? வரிசை நீளம், வாசல் குறுகல். ஆண்டுக்கு மூன்று லட்சத்தை ஒட்டிய மாணவர்கள் உயர்தரத்துக்குத் தோற்றுகிறார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் இடம் நாற்பதாயிரத்துச் சொச்சம். அந்த இடங்களையும் பெரும்பாலான துறைகளில் அகில இலங்கைத் தகுதிக்கு 40 சதவீதம், மாவட்ட மக்கள்தொகைப்படி 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்று பிரித்திருக்கிறார்கள். தமிழருக்கு இது வெறும் நிர்வாகக் கணக்கல்ல. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிக்கட்டிய 'தரப்படுத்தல்' ஒரு தலைமுறையைத் தெருவுக்கு இறக்கியது. அதனால் பரீட்சை எதை அளக்க வேண்டும் என்று அங்கே யாராவது பேச்செடுத்தால், அது எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்குமா என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

தமிழ்நாட்டில் நிலைமை நேர் எதிர். 2025இல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பின்படி 47, இந்திய சராசரியோ 28.4. இது சாதாரண சாதனையல்ல. வாசல் அகலம். பொறியியலுக்குப் பொதுப் பிரிவில் அந்த மூன்று பாடங்களில் 45 சதவீதம் போதும். கலந்தாய்வு முடிந்த பிறகும் கல்லூரிகளில் இடம் காலியாகக் கிடக்கும்.

ஆகவே இரு கரைகளின் கோளாறும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம். கல்லூரிப் படிப்பைத் தாங்கக்கூடிய பிள்ளையை இலங்கை இடமில்லை என்று வெளியே நிறுத்துகிறது. தாங்குமா என்று பார்க்காமலே தமிழ்நாடு உள்ளே விடுகிறது. முதலாண்டுக் கணிதத்தாளில் அரியர் விழும்போதுதான் நம் பிள்ளைக்கு விஷயம் தெரிகிறது. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மனப்பாடம் செய்தே பிளஸ் டூவில் கரையேறலாம் என்பது ஊரறிந்தது.

போட்டி கடுமையாக இருக்கும் இடங்களுக்கு மட்டும் பூட்டு வேறு கதவுக்கு மாறிவிட்டது. தமிழ்நாடு 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைக்குப் பாதகம் என்று 2006இல் சட்டமியற்றி அதை நீக்கியது. 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் வந்து உட்கார்ந்துகொண்டது: 180 கேள்வி, 720 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழியும். அதில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு இடமே இல்லை. என்ஐடிக்கான ஜேஇஇ மெயினில் 2013 முதல் சில ஆண்டுகள் பள்ளி மதிப்பெண்ணுக்கும் 40 சதவீதப் பங்கு கொடுத்துப் பார்த்தார்கள். வாரியத்துக்கு வாரியம் மதிப்பெண் வேறு என்பதால் அதை இசட் புள்ளிபோல ஏதோ ஒரு கணக்கால் சமப்படுத்தவும் முயன்றார்கள். 2017இல் கைவிட்டார்கள்.

நீட் நமக்குக் கொண்டுவந்த ஒன்று இலங்கைக்குப் பழசு: மறுபடி எழுதும் ஆண்டு. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று முறை தோற்றலாம். முதல் முறை சரிவராவிட்டால் இரண்டாம் முறை, அதுவும் போனால் மூன்றாம் முறை. பிள்ளைக்கு 21 வயதாகிவிடும். காலையில் பள்ளி, மாலையில் ரியூசன், பிறகு ரியூசன் மட்டும். நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கை, நீட் வந்தபின் மருத்துவத்தில் சேர்வோரிடையே இப்படித் திரும்ப எழுதியவர்களின் பங்கு பெருகிவிட்டதைக் காட்டியது. அதைப் படித்தபோது எனக்கு வவுனியாவில் இருக்கும் மனைவியின் அக்காள் மகன் நினைவுதான் வந்தது. மூன்றாம் முறை எழுதிவிட்டு, "சித்தப்பா, எனக்கு இப்ப உயிரியல் தெரியுமோ தெரியாது, புள்ளித்திட்டம் பாடம்" என்றான்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரு கரையும் சேர்ந்தே தவறுகின்றன: மொழி. தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளை பேராதனைக்கோ மொரட்டுவைக்கோ பொறியியல் படிக்கப் போனால் விரிவுரை ஆங்கிலத்தில். ஆனால் உயர்தரத்தில் உள்ள பொது ஆங்கிலத் தாளின் புள்ளி இசட் கணக்கில் சேராது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மொத்தம் 600. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அதில் 200 உண்டு. கட்-ஆஃபில் அதில் ஒன்றுகூட வராது. கல்லூரியில் முதல் நாளே தேவைப்படுவதும் வேலைக்கு நேர்முகத்தில் முதலில் பார்க்கப்படுவதும் மொழிதான். அதைக் கணக்கில் சேர்த்தால் நகரத்துப் பிள்ளைக்குச் சாதகம் என்பார்கள். உண்மை. ஆனால் சேர்க்காததால் கிராமத்துப் பிள்ளையின் குறை தீரவில்லை. பள்ளியில் தெரியவேண்டியது கல்லூரியில் தெரிகிறது, அவ்வளவுதான். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழில் தொடங்கியது. அதில் படித்தவர்களிடம் கேட்டால், வேலைக்குப் போகும் இடத்து மொழியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

செய்முறைக்கு வருவோம். நம் பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த முப்பதும் பெரும்பாலான பள்ளிகளில் பிள்ளைக்குச் சீர்வரிசை. இலங்கை வேறு வழி போயிற்று. பௌதிகவியலுக்குத் தனிச் செய்முறைப் பரீட்சை கிடையாது. அமைப்புக் கட்டுரை வினாக்களிலேயே கருவியைப் படமாகப் போட்டு, எந்த வாசிப்பை எடுப்பாய், வழுவை எப்படிக் குறைப்பாய் என்று துருவிக் கேட்கிறார்கள். கேள்விகள் நம்முடையதைவிட எத்தனையோ மேல். ஆய்வுகூடம் இல்லாத பள்ளிப் பிள்ளையும் ரியூசன் கரும்பலகையில் பார்த்தே அதற்கு விடை எழுதிவிடும் என்பது வேறு கதை. இரண்டில் எதைத் தேர்வாய் என்றால் இலங்கைத் தாளைத்தான் சொல்வேன். இனாமாக வந்த முப்பதைவிடக் கருவியைத் தொடாமல் எழுதிய நல்ல விடையில் கொஞ்சமாவது யோசனை இருக்கும்.

வேலைக்கு ஆயத்தம் என்பதை இருநாடும் பேசி அரை நூற்றாண்டு ஆகிறது. 1971இல் அரசுக்கு எதிராக நடந்த இளைஞர் கிளர்ச்சிக்குப் பின், படித்து வேலையில்லாத இளைஞர்களை மனத்தில் வைத்து, இலங்கை 1972இல் பழைய சாதாரண தரத்தையே மாற்றி, விவசாயம், மீன்பிடி, மட்பாண்டம் என்று ஊர்த்தொழில்களைப் பாடமாக்கியது. 1977இல் ஆட்சி மாறியதும் அது போயிற்று. சான்றிதழ் மோகத்தைப் பற்றி 1976இல் நூல் எழுதிய பிரித்தானிய சமூகவியலாளர் ரொனால்ட் டோர், இலங்கையையும் உதாரணமாக எடுத்துக்கொண்டார். இந்தியாவில் 1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவரில் 25 சதவீதம் பேரை 1995க்குள் தொழிற்கல்விப் பிரிவுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. அருகில்கூட வரவில்லை. காரணம் பெற்றோரின் கௌரவம் மட்டுமல்ல. அந்தப் பிரிவில் படித்தவனுக்கு மேலே ஏற ஏணி இருக்கிறதா என்று பெற்றோர் சரியாகவே கேட்டார்கள். ஏணி இருந்த இடத்தில் தயங்கவில்லை. பத்தாவது முடித்து பாலிடெக்னிக், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை என்ற வழியைத் தமிழ்நாட்டில் ஆண்டாண்டாகப் பயன்படுத்துகிறார்கள். இலங்கையும் 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்கிய பிறகு அதற்கான பல்கலைக்கழகப் பீடங்களையும் திறந்தது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் அப்படி வந்ததுதான்.

காத்திருக்கும் காலமும் இரு கரையிலும் வேறு. நம் பிள்ளை மார்ச்சில் எழுதி, மே மாதம் ரிசல்ட் பார்த்து, ஆகஸ்டு, செப்டம்பருக்குள் கல்லூரி பஸ் ஏறிவிடும். இலங்கைப் பிள்ளை பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று ஒரு வருடத்துக்கு மேலும் காத்திருப்பது வழக்கம். அந்த இடைவெளியில் வவுனியாக்காரன் ஆங்கில வகுப்புக்குப் போனான், கணினி டிப்ளோமா எடுத்தான், ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கும் எழுதினான். கம்பஸ் கிடைக்கவில்லை. இப்போது அந்தக் கடையின் கொள்முதல் முழுக்க அவன் கையில்.