பேரிக்காயும் பெயரில்லாதவளும்

பூசைக்கு முன் ஆத்தும சோதனை செய்யச் சின்ன வயதிலேயே பழக்கிவிட்டார்கள். என்ன நினைத்தேன், எதற்கு ஆசைப்பட்டேன், யார்மேல் பொறாமைப்பட்டேன். வேலைக்கு வந்தபின், இயந்திரம் பழுதானால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கச் சொன்னார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. அந்தப் பழக்கத்தோடுதான் புனித அகுஸ்தினாரின் ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலை வாசித்தேன்.

கி.பி. 400ஐ ஒட்டி எழுதப்பட்ட நூல். மொத்தம் 13 பகுதிகள். இரண்டாம் பகுதியில், 16 வயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடியதைச் சொல்கிறார். பசி இல்லை. இதைவிட நல்ல பழம் அவரிடமே இருந்தது. திருடியதைப் பன்றிகளுக்கு வீசிவிட்டார்கள். அப்புறம் ஏன் திருடினேன்? தப்பு செய்வதே இனித்ததா? தனியாக இருந்தால் செய்திருப்பேனா? பக்கம் பக்கமாகத் தோண்டுகிறார். ஆசையை இப்படிக் கழற்றிப் பார்த்த இன்னொருவரை நான் வாசித்ததில்லை.

ஆறாம் பகுதியில்தான் எனக்கு இடித்தது. பல வருஷம் தன்னோடு வாழ்ந்து ஒரு மகனையும் பெற்றவளை, வேறு கல்யாணம் நிச்சயமானதால் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். மகன் அவரிடமே தங்கிவிடுகிறான். இனி வேறு ஆண் வேண்டாம் என்று கடவுளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அவள் போகிறாள். தன் நெஞ்சு கிழிந்ததை அகுஸ்தினார் எழுதுகிறார். அவளைப்போல இருக்க முடியாமல் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டதையும் மறைக்கவில்லை. எல்லாம் சில வரிகள்தான். அவள் பெயர் இல்லை. அவளைக் காப்பதற்காகக்கூட அதை விட்டிருக்கலாம். ஆனால், பிள்ளையை விட்டுப் போனவளுக்கு என்ன வலித்திருக்கும் என்ற கேள்வியும் இல்லையே!

அவர் பொய் சொல்லவில்லை. கடவுள் முன் தன் ஆசையை மட்டும் உற்றுப் பார்க்கிறவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாமல் போகலாம், அவ்வளவுதான்.

எனக்கு இது வெறும் வாசிப்பு இல்லை. வீட்டில் சம்மதிக்கவில்லை என்று சொல்லி ஒரு பெண்ணைவிட்டு விலகியவன் நான். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். என் கோழைத்தனம், என் இச்சை, என் பெருமை. மனசு லேசானது. எல்லாமே ‘என்’னில் தொடங்கியது என்பது இந்த நூலை மூடியபோதுதான் உறைத்தது. பலிபீடத்துக்கு வந்தாலும், மனத்தாங்கல் உள்ளவரிடம் முதலில் போகும்படி மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்கிறார். நான் நேராகப் பீடத்துக்கே போய்விட்டேன்.

இப்போது அவளுக்கு எழுதினால், அதுவும் என் நிம்மதிக்குத்தானோ என்று சந்தேகமாக இருக்கிறது. இப்படிச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தவரும் அகுஸ்தினார்தான்.